கேள்வி எழுதிய குடங்கள்

எங்கள் தெருவில் ஒரு குடத்தைத் தண்ணீர் லாரி வரிசையில் வைத்துவிட்டால் அங்கே ஓர் ஆள் நிற்கிறாள் என்று அர்த்தம். அவள் வீட்டுக்குள் போய்ப் பல் துலக்கலாம், உலை வைத்துவிட்டு வரலாம், மார்க்கெட் வரை ஒரு நடை போய்வரலாம். குடம் அவளுக்காக நிற்கும். அதை யாராவது நகர்த்தினால் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்த மாதிரிதான். நான் திருவொற்றியூரில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிறவள். குடத்துக்காக எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு அன்றைக்கு மட்டும் இது எப்படி நினைவுக்கு வராமல் போனது என்று இன்னும் விளங்கவில்லை.

நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு கலைக் குழு ஓவியர்களிடம் யோசனை கேட்டிருந்தது. ஏஐ என்கிற இந்தச் சங்கதி பூமிக்கு என்ன செலவு வைக்கிறது என்பதைக் கலையாகக் காட்ட வேண்டும். காட்சிக்கூடத்தில் வேண்டாம், நீங்கள் வாழும் இடத்திலேயே வையுங்கள், நாங்கள் வேனில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். போனில் நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்கள் எங்கோ ஒரு கட்டடத்தில் கொதித்துக்கொண்டிருக்கின்றன, அவற்றைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும் என்று படித்தேன். தண்ணீர் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே குழாயைத் திறந்தால் சாக்கடை வாடை அடிக்கிறது. லாரிக்குக் காத்துக் காத்து என் முழங்கால் தேய்ந்துவிட்டது. எந்தக் கம்ப்யூட்டருக்கு விக்கல் எடுக்கிறதாம்?

கேள்விக்கு ஒரு குடம் என்று யோசனை சொன்னேன். தெருவில் இருப்பவர்கள் ஏஐயிடம் கேட்ட கேள்விகளை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் எழுதி, வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசையாக வைப்பது. அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. யானைக்கவுனி போய் மொத்தக் கடையில் கலர் கலராகக் குடம் வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவந்தேன். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனாமலில் எழுதினேன்.

கேள்வி சேகரித்தது ஒரு கூத்து. ஆட்டோ ஓட்டுகிற எதிர்வீட்டுக்காரர் கல்யாண நாளுக்கு மனைவிமேல் ஒரு கவிதை கேட்டிருக்கிறார். அது எழுதிக்கொடுத்ததை வாசித்துக் காட்டியதும் அந்த அம்மா சிரித்தாராம். "இத்தினி வருசத்துல நீ என்னிக்குய்யா என்ன நீங்க வாங்கன்னு கூப்ட்டுகீற? யாரு எழுதிக் குட்த்தது, உண்மைய சொல்லு!" மளிகைக் கடைக்காரர் கடைக்குப் புதுப் பெயர் கேட்டிருந்தார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி. பாதித் தெரு தன் போட்டோவைக் கொடுத்து ராஜா வேஷம் போட்டுத் தரச் சொல்லியிருந்தது. எல்லாவற்றையும் குடத்தில் எழுதினேன். எழுத எழுத எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஒரு கேள்விக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் மண்டை காய்ந்தது. சில சொட்டு என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. பாட்டில் கணக்கு என்று இன்னோரிடத்தில். மணலி பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். அது கம்ப்யூட்டர்களுக்கான வீடு என்றார் பக்கத்து சீட்காரர். இல்லை, மருந்து கோடவுன் என்றார் கண்டக்டர். கடல் தண்ணீரைத்தான் எடுப்பார்கள் என்று ஒருவர், நம் கக்கூஸ் தண்ணீரைச் சுத்தம் செய்து எடுப்பார்கள் என்று இன்னொருவர். கடைசியில் வெட்கத்தை விட்டு அந்த ஏஐயிடமே கேட்டேன்: நீ எவ்வளவு தண்ணீர் குடிப்பாய்? அது பல விஷயங்களைப் பொறுத்தது என்று பட்டும் படாமலும் நீட்டி முழக்கியது. அந்தப் பதிலுக்கு எவ்வளவு குடித்ததோ! திட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் கேள்வியையும் ஒரு பச்சைக் குடத்தில் எழுதினேன்.

குடங்களில் தண்ணீர் நிரப்பித்தான் வைக்க நினைத்தேன். என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் மீன்கார அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "இன்னா டீச்சர், மூளகீளை கலங்கிப் பூட்ச்சா? அவ அவ ஒரு சொம்பு தண்ணிக்கு நாயா அலஞ்சிகினு கீறா. நீ கொடத்துல ஊத்தி வெச்சி பொம்ம காட்டப் போறியா?" காலியாகவே வைப்பது என்று அந்த நிமிஷமே முடிவானது.

அந்த அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் பட்டப்பகலில் கீழே ஒரே கூச்சல். இறங்கி ஓடினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கிடைத்திருக்காது என்றாராம் டாக்டரம்மா. நான் பார்க்கப் போனபோது அந்தப் பெண் கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கேள்வியும் எழுதிக்கோக்கா. காலைலேர்ந்து புள்ள அசையவே இல்ல. அம்மா யாவாரத்துக்குப் போய்கீது, அப்பா கடலுக்கு. யார கேக்குறதுன்னு தெரில. போன்ல அந்த ஏஐயாண்ட கேட்டேன். வெய்ட் பண்ணாத, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்ச்சு. அப்பாலதான் அம்மாக்கு போன் போட்டேன்."

வீட்டுக்கு வந்து ஒரு மஞ்சள் குடத்தை எடுத்து உட்கார்ந்தேன். 'குழந்தை காலையிலிருந்து அசையவில்லை, என்ன செய்வது?' எழுதி முடித்த பிறகு பிரஷ்ஷைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. ஏஐயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத்தானே இந்த வரிசை? இந்தக் குடத்தை எந்தப் பக்கம் வைப்பது? உப்புக் கேள்விக்குப் பக்கத்திலா, ராஜா வேஷத்துக்குப் பக்கத்திலா? எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் குடமாக வைப்பது என்று முடிவு செய்தேன்.

வேன் வரும் நாளும் குழந்தை வீட்டுக்கு வரும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. அன்று காலை அக்கா தன் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அடியில் கலங்கல்தான் கிடந்தது. எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் லாரி ஒன்று. ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. அன்றைக்குப் பின்தெருவின் முறை.

"பச்ச ஒடம்புக்காரி வர்றா, புள்ள வர்து, வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. இந்தக் கொழா தண்ணில புள்ளைய குளிப்பாட்டுனா சொறி சிரங்கு வந்துடும் டீச்சர். பின்தெருவுல யார் கால்லியாவது வுழுந்து ரெண்டு கொடம் வாங்கியாறணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு மகளை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னிடமும் ஒரு வாளிக்கு மேல் இல்லை. ஆனாலும் சாயங்காலம் வேன் வருகிறதே! குடங்களை ஒவ்வொன்றாக இறக்கி, வாசலில் மஞ்சள் குடத்தில் தொடங்கி, தெருமுனை வரை இடைவெளி பார்த்துப் பார்த்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

காபி குடிக்க மேலே போனேன். திரும்பி வந்து பார்த்தால் வரிசை நீண்டிருந்தது. என் கடைசிக் குடத்துக்குப் பின்னால் எழுத்தே இல்லாத குடங்கள், பிளாஸ்டிக் வாளிகள், ஒரு பெயிண்ட் டப்பா. அதற்கும் பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். நான் திருதிருவென விழித்தேன்.

"லாரி வருதாமே டீச்சர்?" என்றார் எதிர்வீட்டு ஆட்டோக்காரரின் மனைவி, மூச்சு வாங்கியபடி.

"யார் சொன்னது?"

"நீதான கொடம் போட்டுகீற?"

"ஐயோ, இது தண்ணிக்கு இல்ல. இது கலை. ஓவியம் மாதிரி. பாருங்க, மேலே எழுதியிருக்கேன்."

அவர் ஒரு குடத்தைக் குனிந்து பார்த்தார். "அட, எங்கூட்டுக்காரு கவித! இன்னாத்துக்கு இத்த கொடத்துல எழ்திகீற? சரி அத்த வுடு. ஒரே வூட்டுக்கு இம்மாம் கொடமா? நாயமா இது?"

விளக்கினேன். கத்தினேன். இதெல்லாம் காலிக் குடம், யாருக்கும் இல்லை, ஏஐ குடிக்கிற தண்ணீரைக் காட்டுவதற்கு என்றேன். "அதுக்கும் லைன்ல எடம் புட்ச்சி வெச்சிகீறியா?" என்று ஒருத்தி கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. ஆனால் அவள் சொன்னது பொய்யும் இல்லை. இடம் பிடித்துத்தானே வைத்திருந்தேன்?

அந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது. நிஜ லாரி. பின்தெருவுக்குப் போகிற வழியில் எங்கள் தெருமுனையைத் தாண்ட வேண்டும். டிரைவர் புது ஆள். தெரு நெடுகக் குடவரிசை, பக்கத்தில் பெண்கள் கூட்டம். வண்டியைத் தெருவுக்குள் திருப்பி ஓரங்கட்டிவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "இங்க இல்லீங்க. இன்னிக்குப் பின்தெரு முறை. இது நிஜ வரிசை இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு தெருவும் ஒரே டிரிப்தாம்மா. கொடம் எங்க ரெடியா கீதோ அங்க நிறுத்து, ஆளுங்கள எழுப்பிகினு நிக்காதன்னு சொல்லிகிறாங்க. நீ நவுரு." அவர் இறங்கி, தடித்த ஹோஸைத் தூக்கிக்கொண்டு வரிசையின் முதலிடத்துக்கு நடந்தார்.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. மகளையும் துணியில் சுற்றிய குழந்தையையும் மெல்ல இறக்கிவிட்ட அக்கா, நான் டிரைவரின் பின்னாலேயே போய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"டீச்சர்! நீ யாரு பக்கம்?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். யார் பக்கம்? பின்தெருவில் இன்னும் யாருக்கும் விஷயம் தெரியாது. முறை தவறாது என்று நம்பிக் குடத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். இங்கே ஒரு பச்சைக் குழந்தை வெயிலில் நிற்கிறது. ஹோஸ் முதல் குடத்தில் இறங்கியது. மஞ்சள் குடம் நிரம்பியது, அடுத்தது, அதற்கடுத்தது. நடுவில் புகுந்து தன் குடத்தை நீட்ட ஒருத்திக்கும் மனசு வரவில்லை. முன்னால் நிற்பது வெறும் பொம்மை என்று அத்தனை நேரம் சிரித்தவர்கள்தான். இருந்தாலும் குடம் குடம்தானே. என் உப்புக் கேள்வியும் ராஜா வேஷமும் தளும்பத் தளும்ப நிற்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, முன்னாடி இருக்கிறதெல்லாம் எடுத்துக்கோங்க" என்றேன். மஞ்சள் குடத்தை நானே தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் இறக்கினேன். மற்ற குடங்களும் ஆளுக்கொன்றாகத் தெருவுக்குள் போயின. கடைசி வாளி நிரம்பும்போது லாரி வறண்டிருந்தது.

அடுப்பில் தண்ணீர் வைத்து, ஆறவிட்டு, கை வைத்துச் சூடு பார்த்து, அக்கா கால் நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டினார். அது வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. மஞ்சள் குடத்தில் நான் எழுதியிருந்ததை மகள் படித்துக் காட்டியதும் அக்காவின் கை நின்றது.

"இந்தக் கேள்விக்கு அது எத்தினி கொடம் குட்ச்சாலும் குட்ச்சிட்டுப் போவட்டும் டீச்சர்" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் பட்டது. ஏஐயைக் கூண்டில் நிறுத்தக் கிளம்பிய எனக்கு, அப்படிப் பட்டதைப் பொறுக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது. ஈரத் தெருதான் இருந்தது, குடமில்லை. கலைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அம்மா, படைப்பு எங்கே என்று கேட்டார். சமையலறையில் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் என்று நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கள் நினைத்ததைவிட இது ஆழமானது, தெருவே படைப்பை நிறைவு செய்துவிட்டது" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆழமும் இல்லை மண்ணும் இல்லை. அடுத்த தெரு தண்ணீரை நாங்கள் பிடித்துக்கொண்டோம்" என்றேன். அதையும் ஒருவர் போனில் பதிவு செய்துகொண்டார்.

அப்போது பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள், முகம் தெரியும், பேச்சுப் பழக்கமில்லை. இடுப்பில் காலிக் குடம். தூரத்திலிருந்தே தொடங்கிவிட்டாள்.

"எவடி அவ, மொறை இல்லாத நாள்ல கொடம் போட்டவ? எங்க தண்ணிய வயித்துல ஊத்திகினு நல்லா கீறீங்களா? எங்கூட்ல..."

அக்கா வீட்டிலிருந்து குழந்தை மறுபடி அழுதது. அவள் நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது.

"புள்ள வந்துட்ச்சா? இன்னா புள்ள?"

"பொண்ணு" என்றேன்.

பிறகு இடுப்பிலிருந்த நீலக் குடத்தை இறக்கி, காலையில் என் முதல் குடம் நின்ற அதே இடத்தில் வைத்தாள். "நாளைக்கு லாரி வந்தா இதான் மொதல்ல. எவளாச்சும் நவுத்துனா கைய ஒட்ச்சிடுவேன்." திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வேனில் வந்தவர்கள் அந்தக் குடத்தைச் சுற்றி நின்று, குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்தார்கள். கடைசியில் ஒற்றைக் காலிக் குடம், இதுதான் உச்சம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அவர்களை அடிக்கவும் தோன்றியது, அவர்கள் சொல்வது சரிதானோ என்றும் தோன்றியது. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு தெருவும் வந்து நின்றன. எங்கள் முறைதான், ஆனாலும் யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் மட்டும் வரவில்லை. நீலக் குடம் அவளுக்காக முதலில் நின்றது. டிரைவர் ஹோஸை அதில்தான் முதலில் விட்டார். என் குடத்தைப் பிடிக்க எதிர்வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த நீலக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வழி கேட்டுப் பின்தெருவுக்குப் போனேன்.

அவள் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே கட்டிலில் ஒரு வயதான பெண், அசைவில்லாமல், கண் மட்டும் திறந்தபடி. அவள் மாமியாராம். பக்கவாதம்.

"நேத்துலேர்ந்து இப்பிடியே கெடக்குது" என்றாள். கோபம் இல்லை, களைப்புதான். "கீற தண்ணில துணிய நனச்சி தொட்ச்சி பாத்தேன். போவல. புண்ணு வேற. நேத்து லாரி வந்திருந்தா நேத்தே கழுவி வுட்ருப்பேன்."

நான் குடத்தை இறக்கவும் மறந்து நின்றேன். தண்ணீர் தளும்பி என் புடவையில் வழிந்தது. மன்னிப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கென்று சொல்வது? குடம் வைத்ததற்கா? வேண்டாமென்று சொல்லியும் டிரைவர் கேட்காததற்கா? குழந்தை குளித்ததற்கா? அவள் என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டாள்.

"புள்ள எப்டி கீது?"

"நல்லா இருக்குக்கா."

"அப்ப சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வீடு திரும்புகிற வழியில் போனில் செய்தி வந்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மா அந்த நீலக் குடத்தின் படத்தை அனுப்பியிருந்தார். இதைத்தான் பெரிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். எல்லாக் குடத்திலும் கேள்வி இருந்தது, இதில் இல்லையே, கீழே எந்தக் கேள்வியைப் போடலாம் என்று கேட்டிருந்தார். 'புள்ள எப்டி கீது?' என்று அந்தக் குடத்துக்காரி கேட்டதையே எழுதி அனுப்பினேன்.

புரியவில்லை, கொஞ்சம் விளக்க முடியுமா என்று பதில் வந்தது. எனக்கும் புரியவில்லை என்று எழுதினேன்.